மாலத்தீவின் தோனி: உயிர்மீனை வயிற்றில் சுமக்கும் படகு

மாலத்தீவு விளம்பரங்களில் தவறாமல் ஒரு மரப்படகு வரும். அதன் முன்பக்கம் உயர்ந்து, வளைந்து, வானத்தைப் பார்த்து நிற்கும். அந்த வளைவின் அழகிலேயே பலரும் நின்றுவிடுகிறார்கள். தோனி என்ற அந்தப் படகைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பார்வையை மூக்கிலிருந்து இறக்கி வயிற்றுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே, தண்ணீருக்குள், விரல் நீளத்துக்கு மேல் வளராத சின்ன மீன்கள் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும். அவற்றைச் சாகவிடாமல் ஆழ்கடல் வரை கொண்டுபோக வேண்டும். மாலத்தீவு மீன்பிடிப் படகின் அமைப்பும், அதில் ஏறும் ஆட்களின் வேலைப் பங்கீடும், அவர்கள் எழுந்திருக்கும் நேரமும்கூட அந்த ஒரு தேவையைச் சுற்றியே வளர்ந்தவை. இதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. படகைப் பற்றி முன்பே எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தூத்துக்குடிப் பக்கத்தவர்களுக்குத் தோணி என்றால் வேறொரு கலம் நினைவுக்கு வரும். காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கே போய்வரும் பெரிய சரக்குத் தோணி அது. மாலத்தீவுக்காரர்கள் தோனி என்று சொல்வது அதைவிட மிகச் சிறியது. அவர்களிடம் பல வகைப் படகுகள் உண்டு. பவளத்திட்டுக்குள் அமைதியான தண்ணீரில் ஒருவர் இருவர் துடுப்புப் போட்டுப் போவது பொக்குரா. தீவுக்கருகே தூண்டிலை இழுத்துக்கொண்டே ஓடிப் பிடிக்கும் சின்னப் படகு வது தோனி. தூரத்து வாணிபத்துக்குப் போன பெரிய கலம் ஒடி. சூரை பிடிக்கப் போவது மஸ் தோனி. மஸ் என்றால் அவர்கள் மொழியான திவேஹியில் மீன். இங்கே நாம் பார்க்கப்போவது இந்த மஸ் தோனியைத்தான்.

ஏன் சூரை, ஏன் தூண்டில்

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கும் இவற்றின் நிலப்பரப்பு மொத்தத்தையும் கூட்டினால் 300 சதுர கிலோமீட்டர்தான் தேறும். சென்னை மாநகராட்சியின் பரப்பே இதைவிட அதிகம். மக்கள் குடியிருப்பது 200க்கும் குறைவான தீவுகளில். மண் என்பது பவளம் பொடிந்த மணல். அதில் தென்னை நன்றாக வரும், நெல் வராது. ஆகவே சோறு வேண்டுமானால் கடலில் எதையாவது எடுத்து விற்றாக வேண்டும். பல நூற்றாண்டுகள் அவர்கள் சோழி பொறுக்கி வங்காளத்துக்கு அனுப்பி அரிசி வாங்கினார்கள். தென்னை நாரைத் திரித்து அரபு நாடுகள் வரை கயிறு விற்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சூரை மீனை அவித்து, புகையிட்டு, காயவைத்து மாசியாக்கி விற்றார்கள்.

1343-44இல் மாலத்தீவில் தங்கி காஜியாகப் பணியாற்றிய மொராக்கோப் பயணி இப்னு பதூதா இந்த மாசி செய்யும் முறையைக் குறித்துவைத்திருக்கிறார். மீனை நான்காக வெட்டி, லேசாக அவித்து, ஓலைக்கூடையில் வைத்துப் புகையில் தொங்கவிட்டார்கள் என்றும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போனது என்றும் எழுதியிருக்கிறார். அந்த மீனுக்கு அவர் கேட்டெழுதிய பெயரும் இன்று மாலத்தீவில் சூரையின் ஒரு வகையான வரிச்சூரைக்கு வழங்கும் களுபிலமஸ் என்ற பெயரும் ஒன்றே. தென்மாவட்டக் கடைகளில் விறகுக்கட்டை மாதிரி கிடக்கும் மாசிக் கருவாட்டையும், யாழ்ப்பாணத்துச் சம்பலில் விழும் மாசித் தூளையும் அறிந்தவர்கள் இந்த மீனை ஏற்கெனவே தின்றிருப்பார்கள்.

இந்தச் சூரை பவளத்திட்டில் குடியிருக்கும் மீன் கிடையாது. திறந்த கடலில், மேல்மட்டத்தில், பெருங்கூட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும். நின்றால் அதற்கு மூச்சு முட்டும். நீந்தும்போது செவுளுக்குள் புகும் தண்ணீரில்தான் அதன் சுவாசமே இருக்கிறது. இப்படி விரையும் கூட்டத்தை ஒரு பாய்மரப் படகு துரத்திப் பிடிக்க முடியாது. வலைபோட்டு வளைக்கப் பெரிய கலமும் பெரிய வலையும் வேண்டும். சிறிய படகில் பத்துப் பேர் போய் இந்த மீனைப் பிடிக்க ஒரே வழிதான் இருந்தது. கூட்டத்தைத் துரத்தாமல், அதைப் படகை நோக்கி வரவைப்பது. அதற்குத் தின்னக் கொடுக்க வேண்டும். செத்த இரையைப் போட்டால் அது மூழ்கிப் போய்விடும், கூட்டம் திரும்பிப் பார்க்காது. உயிருள்ள சின்ன மீன் வெயிலில் மின்னிக்கொண்டு நாலாபக்கமும் சிதறி ஓடினால்தான் சூரைக்கு வெறி பிடிக்கும்.

அந்த வெறிதான் மாலத்தீவு மீன்பிடியின் அடிப்படை. அதைக் கிளப்பத் தேவையான உயிர்மீனை எப்படிச் சுமந்து போவது என்ற கேள்விக்கு மரத்தில் செய்த பதில்தான் தோனி.

ஓட்டை போட்ட படகு

விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். முதலில் போவது ஆழ்கடலுக்கு இல்லை, பவளத்திட்டுக்கு. அங்கே இரைமீன் பிடிக்க வேண்டும். ரெஹி என்று அவர்கள் சொல்லும் வெள்ளிக்கோடு போட்ட சின்ன மீன், நெத்தலி வகைகள், பாறையிடுக்கில் திரியும் சிவந்த குஞ்சு மீன்கள் என்று காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப இது மாறும். சதுரமான வலை ஒன்றைப் படகின் பக்கவாட்டில் நீண்ட கழிகளால் அழுத்தித் தண்ணீருக்குள் விரிப்பார்கள். அதன் மேல் இடித்த மீன் கூழைக் கரைத்துவிடுவார்கள். கூழின் வாசனைக்குக் கூடும் சின்ன மீன்கள் வலைக்கு நேர் மேலே வரும் வரை பொறுத்திருந்து, ஒரே நேரத்தில் எல்லோரும் சேர்ந்து தூக்குவார்கள். கையால் தொட்டாலே செதில் உதிர்ந்து செத்துப்போகும் மீன்கள் இவை. ஆகவே தண்ணீரோடு சேர்த்தே மொண்டு படகுக்குள் ஊற்ற வேண்டும்.

படகுக்குள் எங்கே? தோனியின் நடுப்பகுதி குறுக்குப் பலகைகளால் தடுத்து அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று இரைமீன் தொட்டி. அந்தத் தொட்டியின் அடிப்பலகையில், அதாவது படகின் உடலிலேயே, ஓட்டைகள் துளைத்திருப்பார்கள். சாதாரண நேரத்தில் அவற்றுக்கு மரமுளை அடித்து அடைத்திருப்பார்கள். இரைமீன் ஏற்றும் நேரம் வந்ததும் முளைகளை உருவிவிடுவார்கள். கடல் படகுக்குள் ஏறும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உலகத்தில் எந்தப் படகு கட்டுபவரும் தண்ணீரை வெளியே நிறுத்துவதற்குத்தான் பாடுபடுவார். மாலத்தீவுக்காரர்கள் தங்கள் படகின் அடியில் தாங்களே துளையிட்டு, அலையடிக்கும் திறந்த கடலில், அந்தத் துளைகளைத் திறந்தும் வைத்தார்கள். காரணம், தொட்டியில் தேங்கிய தண்ணீரில் இரைமீன் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்காது. நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் மீன்கள் தண்ணீரில் உள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடும். வெயிலில் தண்ணீரும் சூடேறும். புதுக் கடல்நீர் உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும், பழையது வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே வருவதற்கு ஓட்டை போதும். வெளியேற்றுவதற்கு மனிதக் கை வேண்டும். தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் பக்கத்து அறைக்குப் போகும். அங்கே இரண்டு பேர் நின்று அதை மொண்டு மொண்டு கடலுக்குள் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். மீன் கூட்டம் கிடைக்கும் வரை, அது மதியமானாலும், இந்த இறைப்பு நிற்காது. நிறுத்தினால் மீன் சாகும் என்பது முதல் ஆபத்து. படகே முழுகும் என்பது அடுத்த ஆபத்து.

தோனி ஏன் அத்தனை அகலம், அதன் அடிவயிறு ஏன் அப்படி உருண்டு விரிந்திருக்கிறது என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. நடுவில் பெருமளவு தண்ணீர் அலைந்துகொண்டிருக்கும்போதும் கவிழாமல் நிற்க வேண்டிய படகு அது. பாய்மரக் காலத்து மஸ் தோனி பெரும்பாலும் 10 முதல் 12 மீட்டர் நீளம் இருக்கும். அதில் பத்துப் பேரளவு ஏறுவார்கள். அத்தனை சிறிய படகுக்கு அத்தனை ஆள் எதற்கு என்று தோன்றலாம். இறைக்க, இரைமீனை வீச, தண்ணீர் தெளிக்க, தூண்டில் போட, பாயும் சுக்கானும் பார்க்க என்று எண்ணிப் பார்த்தால் ஒருவர்கூட மிச்சமில்லை.

பின்தளத்தில் நடப்பது

இரை ஏறியதும் படகு பவளத்திட்டைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போகும். எல்லோருடைய கண்ணும் வானத்தில் இருக்கும். ஓரிடத்தில் பறவைகள் வட்டமிட்டு விழுந்து எழுந்தால் கீழே சூரைக் கூட்டம் சின்ன மீன்களை மேலே விரட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பறவை எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த வேகத்தில் நகர்கிறது என்பதைப் பார்த்துக் கூட்டத்தின் போக்கைக் கணித்துக் குறுக்கே படகைக் கொண்டுபோய் நிறுத்துவது தலைவரின் பொறுப்பு. அவரை கேயொளு என்பார்கள், நம் கரையில் தண்டல் என்று சொல்வதுபோல. படகின் சொந்தக்காரர் வேறொருவராக இருக்கலாம். கடலில் கேயொளு சொல்வதே முடிவு. பிடித்த மீன் கரையில் பங்காகப் பிரியும்போது படகுக்கு ஒரு பங்கு, கேயொளுவுக்கு ஒரு பங்கு, மற்றவர்களுக்கு மீதி என்பது வழக்கம்.

ஜப்பானியரும் தூண்டிலால் சூரை பிடிப்பவர்கள்தான். அவர்கள் படகின் முன்பக்கத்திலிருந்து பிடிப்பார்கள். மாலத்தீவில் பின்பக்கம். பாய் விரித்து முன்னே நகரும் படகின் பின்னால்தான் மீன் கூட்டம் தொடர்ந்து வர முடியும். அதற்காகவே தோனியின் பின்கோடியில், தண்ணீருக்கு அதிக உயரமில்லாமல், அகலமான மேடை ஒன்று இருக்கும். பழைய படகுகளில் மற்ற இடமெல்லாம் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். இந்த மேடைக்கு மட்டும் தளம் போட்டிருப்பார்கள். விளம்பரத்தில் அழகாகத் தெரியும் முன்பக்கத்தைவிட, படத்தில் யாரும் எடுக்காத இந்தப் பின்மேடைதான் படகின் முக்கியமான இடம் என்பேன்.

கூட்டம் நெருங்கியதும் ஒருவர் தொட்டியிலிருந்து உயிர்மீனைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் கடலில் வீசுவார். மற்றவர்கள் நீண்ட கைப்பிடி போட்ட மொள்ளும் கருவியால் பின்பக்கக் கடலில் தண்ணீரைச் சிதறடிப்பார்கள். மேலே விழும் துளிகள் சின்ன மீன்கள் துள்ளுவதுபோலத் தோற்றம் தரும்; மேடையில் நிற்கும் மனிதர்களின் உருவத்தையும் மறைக்கும். சூரைகள் மேலே பொங்கி வரும். இப்போது தூண்டில் இறங்குகிறது.

அந்தத் தூண்டிலில் இரை கிடையாது. பளபளவென்று தீட்டிய உலோகக் கொக்கி மட்டும். வெறிகொண்ட சூரை மின்னுவது எதுவானாலும் கவ்வும். நாம் வழக்கமாகப் பார்க்கும் தூண்டில் முள்ளில், மாட்டிய மீன் நழுவாமலிருக்க உள்பக்கம் திரும்பிய சிறு முனை ஒன்று இருக்கும். இந்தக் கொக்கியில் அதுவும் கிடையாது. ஆளின் உயரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீளமான கழி, அதைவிடக் கொஞ்சம் குட்டையான கயிறு, முனையில் இந்த மொட்டைக் கொக்கி. மீன் கவ்வியதும் கழியை இடுப்பில் ஊன்றி ஒரே வீச்சில் தூக்குவார்கள். இரண்டு மூன்று கிலோ மீன் தண்ணீரைவிட்டு எழும்பித் தலைக்கு மேலே பறந்து பின்னால் போகும். கயிறு தொய்யும் அந்த நொடியில் கொக்கி தானாகக் கழன்றுகொள்ளும். மீன் படகுக்குள் விழும்போது கொக்கி மறுபடி கடலில் இருக்கும். யாரும் குனிந்து மீனைக் கழற்றுவதில்லை. கூட்டம் நின்று தின்னும் நேரம் சில நிமிடங்கள்தான் இருக்கலாம். அதற்குள் எத்தனை வீச்சு வீசுகிறோம் என்பதே அன்றைய வருமானம். மேடை வழுக்கும், ரத்தம் தெறிக்கும், விழுந்த மீன்கள் வாலால் பலகையை அடிக்கும் ஓசையில் பேச்சுக் கேட்காது. திடீரென்று கூட்டம் கீழே போய்விடும். எல்லாம் அடங்கிவிடும்.

இரைமீனுக்குச் செலவிட்ட காலை முழுவதும் இந்தச் சில நிமிடங்களுக்காகத்தான்.

தென்னையிலிருந்து படகு

தோனியின் உடல் பழைய காலத்தில் தென்னை மரம். நாம் தென்னையை வீட்டுக்கு உத்தரமாகப் போடுவோம், வாய்க்காலுக்குப் பாலமாகப் போடுவோம். கடலுக்குப் போகும் படகுக்குப் பலகையாக நினைக்க மாட்டோம். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. தென்னையில் மற்ற மரங்களைப்போல வயிரம் நடுவில் இருப்பதில்லை. வெளிச்சுற்று இரும்பாக இறுகியிருக்கும், உள்ளே போகப்போகச் சோறாக இளகிவிடும். ஆகவே வயதேறிய மரத்தின் வெளிப்பகுதியிலிருந்து மட்டுமே நல்ல பலகை கிடைக்கும். அதுவும் அகலமாகவோ மிக நீளமாகவோ கிடைக்காது. குறுகலான துண்டுகளை ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தித்தான் படகின் பக்கத்தை எழுப்ப வேண்டும். இத்தனை இணைப்புகள் உள்ள உடலைத் தண்ணீர் கசியாமல் கட்டுவதில்தான் மாலத்தீவு ஓடாவியின் திறமை. அவர்கள் மொழியில் அவர் மாவடி.

மாவடி வரைபடம் வைத்துக்கொண்டு கட்டியவர் அல்லர். அளவுகள் அவருடைய கண்ணிலும் கையிலும் இருந்தன. தகப்பனிடமிருந்தோ குருவிடமிருந்தோ வந்தன. முதலில் ஏராவைக் கிடத்துவார். அதுதான் படகின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் முதுகெலும்பு. முன்கோடியில் வளைந்தெழும் அணியக்கட்டையையும் பின்கோடிக் கட்டையையும் அதில் பொருத்துவார். பிறகு ஏராவை ஒட்டிக் கீழிருந்து மேலாகப் பலகைகளை ஏற்றுவார். பலகையின் விளிம்பில் துளையிட்டு மரமுளை செருகி அடுத்த பலகையை அதன்மேல் அழுத்துவார். உடல் ஓரளவு எழும்பி நின்ற பிறகுதான் உள்ளே வங்குகளைப் பொருத்துவார். வங்கு என்றால் பக்கவாட்டில் வளைந்து நிற்கும் விலாக்கட்டை. இன்றைய தொழிற்சாலை முறையில் முதலில் எலும்புக்கூட்டை நிறுத்திவிட்டு அதன்மேல் பலகை அடிப்பார்கள். இங்கே வரிசை தலைகீழ். படகின் வடிவத்தைத் தீர்மானிப்பவை பலகைகள். அதனால்தான் வரைபடம் இல்லாமலேயே அந்த வளைவு கைகூடியது. ஒவ்வொரு பலகையையும் வைத்துப் பார்த்து, செதுக்கி, மறுபடி வைத்து, கண்ணுக்குச் சரியென்று படும் வரை மாவடி விடமாட்டார்.

வங்குகளுக்குத் தென்னை உதவாது, அதற்கு இயல்பாக வளைந்த கிளைகள் வேண்டும். ஹிருந்து என்று அவர்கள் அழைக்கும் பூவரசு, நம் கடற்கரையிலும் நிற்கும் புன்னை போன்ற மரங்களைப் பயன்படுத்தினார்கள். படகின் வளைவுக்கு ஒத்த வளைவு கிளையிலேயே இருந்தால் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை, பலமும் குறையாது.

இப்னு பதூதாவின் காலத்தில் பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்தார்கள். ஆணி அடித்த படகைவிடத் தைத்த படகு பவளப்பாறையில் மோதும்போது நெகிழ்ந்து கொடுக்கும் என்பது இந்தியப் பெருங்கடல் முழுவதும் இருந்த நம்பிக்கை. பின்னாளில் செப்பாணி வந்தது. பாய்கூட முதலில் தென்னோலையில் முடைந்த சதுரப் பாய்தான். துணிப்பாய் பிறகு வந்தது. உடல், கயிறு, பாய், ஏற்றிப்போகும் தேங்காய் என்று ஒரே மரத்திலிருந்து ஒரு கடற்பயணமே கிளம்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

கடைசியில் எண்ணெய். மரத்தைத் துளைக்கும் கடற்புழுதான் மரப்படகின் முதல் எதிரி. நம் வள்ளங்களுக்கு மீன் எண்ணெய் பூசுவதுபோல, மாலத்தீவில் சுறாவின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயைப் பூசினார்கள். படகை அடிக்கடி கரையில் ஏற்றிக் காயவைத்து, சுரண்டி, மறுபடி பூசுவார்கள். 2010இல் மாலத்தீவு அரசு தன் கடல் முழுவதிலும் சுறா பிடிப்பதைத் தடை செய்தது. அந்த எண்ணெயும் அதோடு நின்றது.

படகு கட்டும் ஊர்களில் இன்றும் பெயர் சொல்லப்படுவது வடக்கே ரா அட்டோலில் உள்ள அலிஃபுஷி. அட்டோல் என்பது வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம். அலிஃபுஷியின் தச்சர்கள் வேறு தீவுகளுக்கும் போய் மாதக்கணக்கில் தங்கிக் கட்டிக் கொடுத்தார்கள். கட்டி முடித்த தோனியைக் கடலில் இறக்கும் நாளில் ஊரே திரண்டு வடம் பிடிக்கும். தென்னங்கட்டைகளை வரிசையாகப் போட்டு அவற்றின்மேல் உருட்டியும் இழுத்தும் தண்ணீருக்குக் கொண்டுபோவார்கள். அதன் பிறகு விருந்து உண்டு.

நட்சத்திரமும் காற்றும்

எந்த நாளில் எந்தப் பக்கம் போவது என்பதற்கு மாலத்தீவு மீனவர்களிடம் ஒரு நாள்காட்டி இருந்தது. ஆண்டை 27 பகுதிகளாகப் பிரிப்பார்கள், ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள். அஸ்ஸிதா, புருணு, கெத்தி, ரோணு என்று தொடங்கும் அந்த வரிசையை வாய்விட்டுச் சொன்னால் நமக்குப் பழகியதாக இருக்கும். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணிதான். நாம் சோதிடத்துக்கும் திருமணத்துக்கும் பார்க்கும் இருபத்தேழை அவர்கள் காற்றுக்கும் மழைக்கும் மீனுக்கும் பார்த்தார்கள். வடகிழக்குக் காற்றுக் காலத்துக்கு ஒரு கணக்கு, தென்மேற்குக் காற்றுக் காலத்துக்கு வேறொரு கணக்கு. காற்று மாறும்போது நீரோட்டம் மாறும், இரைமீன் கூடும் திட்டு மாறும், சூரை வரும் பக்கமும் மாறும். பாய்மரப் படகுக்கு இந்த அறிவு இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. காற்று விழுந்துவிட்டால் எல்லோரும் துடுப்புப் போட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.

1974

தோனியின் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் கடலில் தொடங்கவில்லை, சந்தையில் தொடங்கியது. மாசிக்குப் பெரிய சந்தை இலங்கை. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அன்னியச் செலாவணி நெருக்கடியில் சிக்கி இறக்குமதியைக் குறைத்தது. மாலத்தீவின் முக்கிய வருமானம் சட்டென்று அடிவாங்கியது. அதே காலத்தில் ஜப்பானிய நிறுவனங்களின் குளிர்பதனக் கப்பல்கள் வந்து பச்சை மீனைக் கடலிலேயே வாங்கத் தொடங்கின. மாசிக்கு அவசரமில்லை, பச்சை மீனுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். காற்றை நம்பிக்கொண்டிருந்தால் மீன் கெட்டுவிடும்.

1974இல் தோனிகளில் எஞ்சின் பொருத்தும் வேலை தொடங்கியது. இருபது சொச்சம் குதிரைத் திறனுள்ள சிறிய டீசல் எஞ்சின்கள். பாய்க்காக வடித்த உடலையே வைத்துக்கொண்டு அதற்குள் எஞ்சினை இறக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே பாய்மர மஸ் தோனி அரிதாகிவிட்டது. பிறகு எஞ்சினுக்கென்றே திட்டமிட்ட புதிய தோனிகளை அலிஃபுஷியில் அரசே படகுத்தளம் வைத்துக் கட்டியது. லவியானி அட்டோலின் ஃபெலிவாருவில் டப்பா மீன் தொழிற்சாலையும் வந்தது.

லாபம் வெளிப்படை. தூரம் போகலாம், ஒரே நாளில் இரண்டு மூன்று கூட்டங்களைத் தேடலாம். இறைப்பு வேலையைப் பம்பு எடுத்துக்கொண்டது. நாள் முழுவதும் இருவரின் முதுகை ஒடித்த அந்த வேலை போனதற்காக வருந்த ஒன்றுமே இல்லை. தண்ணீர் தெளிப்பதையும் குழாய் செய்தது. இழப்பும் இருந்தது. தீவுதோறும் பெண்கள் மீனை அவித்துப் புகைபோட்டு மாசியாக்கிய வேலை, பச்சை மீன் நேரே கப்பலுக்குப் போனதால் பெரிதும் குறைந்தது. படகைப் பற்றிப் பேசும்போது கரையில் இருந்தவர்களின் இந்த இழப்பு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. தோனியின் பிடிப்பைப் பணமாக்கியவர்கள் அவர்கள்தான்.

மரம் போய், முறை நின்றது

இன்றைய மாலத்தீவு மீன்பிடிப் படகு பெரும்பாலும் மரம் இல்லை, கண்ணாடியிழை. முதலில் தென்னையின் இடத்தை இறக்குமதி மரங்கள் பிடித்தன. பிறகு மரத்தையே கண்ணாடியிழை ஒதுக்கியது. புழு அரிக்காது, எண்ணெய் வேண்டாம், ஒரே அச்சில் பல படகு வார்க்கலாம். 25 மீட்டருக்கு மேல் நீளமான படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு பல நாள் கடலில் தங்குகின்றன. இரைமீனையும் இரவில் விளக்கு வைத்துக் கூட்டிப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது.

மரம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. மாவடிகளின் கைக்கணக்கை அச்சுகள் வாங்கிக்கொண்டன. அந்தக் கணக்கு எழுதப்படாமல் போனால் திரும்பக் கிடைக்காது. ஆனாலும் மீன்பிடி முறை மாறவில்லை. பெரிய கண்ணாடியிழைப் படகிலும் நடுவில் கடல்நீர் ஓடும் இரைமீன் தொட்டி இருக்கிறது. பின்னால் மேடை இருக்கிறது. அதில் வரிசையாக நின்று, மூங்கிலுக்குப் பதில் கண்ணாடியிழைக் கழியால், மொட்டைக் கொக்கியில் ஒவ்வொரு மீனாகத்தான் தூக்குகிறார்கள். இந்தியப் பெருங்கடலில் வெளிநாட்டுப் பெருங்கப்பல்கள் சுருக்குவலையால் சூரைக் கூட்டத்தை மொத்தமாக வளைத்துத் தூக்கும் காலத்திலும் மாலத்தீவு தன் கடலில் சூரைக்கு வலையை அனுமதிக்கவில்லை.

கழியால் பிடிக்கும்போது வேறு உயிர்கள் சிக்குவது மிகக் குறைவு. ஆமையோ டால்பினோ இந்தக் கொக்கியில் மாட்டுவது அரிது. வேண்டாத மீன் வந்தால் உயிரோடு திருப்பிவிடலாம். இதற்காகவே 2012இல் மாலத்தீவின் கழித்தூண்டில் வரிச்சூரை மீன்பிடிக்கு, வளம் குன்றாத மீன்பிடிகளுக்குச் சான்று தரும் பன்னாட்டு அமைப்பான கடல்வளக் காப்பு மன்றத்தின் (எம்எஸ்சி) சான்று கிடைத்தது. அந்த முத்திரை போட்ட டப்பாக்கள் ஐரோப்பியக் கடைகளில் கூடுதல் மதிப்போடு விற்கின்றன. 2016இல் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தில் வரிச்சூரைப் பிடிப்புக்கு வரம்பு வகுக்கும் விதியை முன்வைத்து நிறைவேற்றியதில் மாலத்தீவுக்குப் பெரும் பங்கு உண்டு. சிறிய நாட்டின் பேச்சுக்கு அங்கே கனம் கிடைத்ததற்கு அதன் மீன்பிடி முறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கவலை இல்லாமல் இல்லை. எல்லாம் நிற்பது அந்தச் சின்ன இரைமீன்மேல். அது வாழ்வது பவளத்திட்டில். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி மாலத்தீவின் பவளம் பரவலாக வெளிறியது. பெரிய படகுக்குப் பெரிய தொட்டி, பெரிய தொட்டிக்கு அதிக இரை. சூரைக்குச் சான்று வாங்கியதுபோல இரைமீனின் இருப்பையும் கணக்கெடுத்துக் காப்பாற்றினால்தான் இந்த முறை நீடிக்கும்.

மாலத்தீவோடு கலாசாரம் ஒன்றான இந்தியாவின் மினிக்காய்த் தீவிலும் இதே மீன்பிடியைப் பார்க்கலாம். லட்சத்தீவின் தென்கோடியான அங்கேயும் உயிர் இரை, கழித்தூண்டில், மாசி எல்லாம் உண்டு. மாலத்தீவுக்குப் போகிறவர்கள் தலைநகர் மாலேயின் வடக்குக் கரையில் உள்ள மீன் சந்தைக்குப் பிற்பகலில் போனால் படகுகள் வந்து சேர்வதைக் காணலாம். அங்கே கட்டியிருக்கும் படகுகளில் ஒன்றின் பக்கவாட்டைக் கவனியுங்கள். கரையில் நிற்கும்போதும் அதன் உடலிலிருந்து தண்ணீர் இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தால், உள்ளே தொட்டியில் இரைமீன் மிச்சமிருக்கலாம். பம்பு அதற்காக ஓடுகிறது.